வழிப்படுத்தியின் இருதொழில்

ஆறு என்னும் சொல் நீர் செல்லும் யாற்றையும் மக்கள் செல்லும் நெறியையும் ஒருங்கே உணர்த்தும் பழந்தமிழ்ச் சொல்லாகும். வள்ளல்பாற் பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், எதிர்ப்பட்ட வறியோனுக்குத் தான் சென்று வந்த வழியை எடுத்துரைத்து அவனை அங்கே செலுத்துதல் ஆற்றுப்படை எனப்படும். பகைவர் வளைத்துக் கொண்ட அரணை அகத்தோர் காத்து நிற்றல் நொச்சி எனப்படும். வழிகாட்டலும் வாயில்காத்தலும் ஆகிய இவ்விரு தொழிலையும் இன்று நம் இல்லங்களிற் சுவரோரத்தே இருக்கும் சிறு பெட்டி ஒன்று இரவும் பகலும் ஓய்வின்றி ஆற்றி வருகின்றது. அதனை ரவுட்டர் என்று ஊரார் வழங்குவர். வழிப்படுத்தி என்பது அதன் தமிழ்ப் பெயர்.

தமிழாசிரியர்க்கு இப்பெட்டியோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளர். நம் மாணவர் பாடங் கேட்பதும், கல்லூரி அலுவலகம் புள்ளிகளைப் பேணுவதும், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் பெற்றோரின் முகம் பார்த்துப் பேசுவதும் இப்பெட்டியின் வழியாகவே நிகழ்கின்றன. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்ப்போர், அங்குள்ள சொற்கள் விளங்காமையால் அஞ்சி அதனை மூடிவிடுகின்றனர். சொல் விளங்காமையே வாயில் திறந்து கிடத்தற்குக் காரணமாமெனின், சொல்லை விளக்குதல் ஆசிரியர் கடனேயாகும். ஆதலின் அப்பக்கத்திற் காணும் இருவகை அமைப்புக்களையும், அஃதாவது வழிப்படுத்தல் அமைப்பையும் தாக்குதற் காப்பு அமைப்பையும், ஈண்டு ஒருமுறைப்பட ஆராய்வாம்.

பொதியும் முகவரியும்

இணையத்திற் செல்வன யாவும், கடிதமாயினும் படமாயினும் குரலாயினும், பொதி எனப்படும் சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டே செல்கின்றன. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் விடுப்போர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். 1981ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு இணைய நெறிமுறையின்படி, முகவரி என்பது 192.168.1.1 என்றாற் போல நான்கு எண்களால் ஆயது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகளின் தொகை 429 கோடிக்குச் சற்று மேற்படும்.

உலகத்துக் கருவிகள் அனைத்துக்கும் இத்தொகை போதாது. ஆகவே, 10 எனத் தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவனவும், 192.168 எனத் தொடங்குவனவும் ஆகிய மூன்று தொகுதிகளை அகத்துப் பயனுக்கென ஒதுக்கி வைத்தனர். இவ்வொதுக்கீடு 1996ஆம் ஆண்டின் வரையறையால் நிலைபெற்றது. இம்முகவரிகளை எந்த வீட்டாரும் எந்தக் கல்லூரியாரும் தமக்குள்ளே வழங்கலாம். ஆயின் பொது இணையத்தில் இவை செல்லா. வெளியே செல்லும் பொதியில் அகத்து முகவரியை நீக்கி, சேவை வழங்குநர் தந்த புறமுகவரியை இட்டு அனுப்புவதும், மறுமொழி வந்தபோது அதனை உரிய கணினிக்குச் சேர்ப்பிப்பதும் வழிப்படுத்தியின் வேலை. இதனை முகவரி மாற்றம் என்பர்.

வழிப்பட்டியல்

வழிப்படுத்தியின் நினைவில் ஒரு பட்டியல் உண்டு. அதன் ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் இருத்தல் வேண்டும்: சென்று சேர வேண்டிய வலையமைப்பு எது, அவ்வலையமைப்பின் அளவு யாது, அதற்குப் பொதியை அடுத்து எவர் கையிற் கொடுத்தல் வேண்டும். முதலாவதை இலக்கு எனவும், இரண்டாவதை மறைப்பு எனவும், மூன்றாவதை வாயில் எனவும் கொள்க. 255.255.255.0 என்னும் மறைப்பு, முகவரியின் முதல் மூன்று எண்கள் வலையமைப்பைக் குறிப்பன, இறுதி எண் அதனுள் இருக்கும் கருவியைக் குறிப்பது என்பதைப் புலப்படுத்தும். அத்தகைய வலையமைப்பில் 254 கருவிகளுக்கு முகவரி வழங்கலாம்.

ஆற்றுப்படைப் பாணன் வழி முழுவதையும் உரைப்பான். வழிப்படுத்தியோ அடுத்த படியை மட்டுமே அறியும். அதற்கப்பாலுள்ளதை அடுத்த வழிப்படுத்தி பார்த்துக்கொள்ளும். ஒரு பொதிக்குப் பட்டியலில் இரண்டு வரிகள் பொருந்துமாயின், மிகக் குறுகிய எல்லையைச் சுட்டும் வரியையே அது தெரிந்தெடுக்கும். கடிதத்தின் மேல் நாட்டின் பெயரும் தெருவின் பெயரும் இருப்பின், அஞ்சற்காரர் தெருவை நோக்கியே செல்வது இதற்கு ஒப்பாகும். எந்த வரியும் பொருந்தாவிடின், 0.0.0.0 எனக் குறிக்கப்பட்ட இயல்பு வழியிற் பொதியைச் செலுத்திவிடும். வீட்டு வழிப்படுத்தியில் இவ்வியல்பு வழி சேவை வழங்குநரை நோக்கியிருக்கும்.

இரண்டு வழிப்படுத்திகள் ஒன்றையொன்று இயல்பு வழியாகக் கொள்ளுமாயின், வழி தெரியாப் பொதி அவ்விரண்டினிடையே ஊஞ்சலாடும். இக்கேட்டினைத் தவிர்த்தற்காகப் பொதி ஒவ்வொன்றிலும் ஆயுளெண் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது 255க்கு மேற்படாது. ஒவ்வொரு வழிப்படுத்தியைக் கடக்கும்போதும் அவ்வெண் ஒன்று குறையும். பூச்சியமாகியவுடன் பொதி அழிக்கப்படும்.

நிலையான வழி அமைத்தல்

இனி, ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒரு கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தில் 192.168.1.0 என்னும் வலையமைப்பு உளது. அதன் வழிப்படுத்தியின் முகவரி 192.168.1.1. புதிதாக எழுந்த விஞ்ஞான கூடத்தில் 192.168.2.0 என்னும் வேறொரு வலையமைப்பு உளது. விஞ்ஞான கூடத்து வழிப்படுத்தி, முகவரி மாற்றஞ் செய்யாது வழிப்படுத்தலை மட்டும் செய்யுமாறு அமைக்கப்பட்டு, முதன்மைக் கட்டடத்துப் பக்கத்தில் 192.168.1.2 என்னும் முகவரியோடு நிற்கின்றது எனக் கொள்வாம்.

முதன்மைக் கட்டடத்திலுள்ள ஒருவர் விஞ்ஞான கூடத்து அச்சுப்பொறிக்கு ஒரு தாளை அனுப்புகின்றார். முதன்மை வழிப்படுத்தி தன் பட்டியலை நோக்குகின்றது. 192.168.2.0 அங்கே இல்லை. ஆகவே, பொதியை இயல்பு வழியில் வெளியே அனுப்புகின்றது. அகத்து முகவரி வெளியிற் செல்லாதாகலின், அப்பொதி வீணாகின்றது. அச்சுப்பொறி சில முழத் தூரத்தே இருந்தும் தாள் சேரவில்லை.

இதற்குப் பரிகாரம் நிலையான வழி ஒன்றை எழுதுதலாகும். முதன்மை வழிப்படுத்தியின் அமைப்புப் பக்கத்தில், இலக்கு 192.168.2.0 எனவும், மறைப்பு 255.255.255.0 எனவும், வாயில் 192.168.1.2 எனவும் பதிதல் வேண்டும். விஞ்ஞான கூடத்து வழிப்படுத்தியில் இயல்பு வழி 192.168.1.1 என இருத்தல் வேண்டும். பிந்தியதைப் பலர் மறந்துவிடுகின்றனர். போகும் வழி ஒரு பெட்டியிலும் மீளும் வழி மற்றப் பெட்டியிலும் எழுதப்படுவன. ஒன்றை எழுதி ஒன்றை விடின், வினா சென்று விடை வாராது. பிழை எங்குளதெனத் தேடுவோர் முதலில் நோக்க வேண்டியது மீளும் வழியையே.

மாணவர் பயன்படுத்தும் கணினிகளையும், புள்ளிகளும் கட்டணக் கணக்கும் உள்ள அலுவலகக் கணினிகளையும் ஒரே வலையமைப்பில் வைத்தல் தகாது. அவற்றை வெவ்வேறு வலையமைப்பாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதைத் தடுக்கும் விதியையும் எழுதுக. ஒரே வழிப்படுத்தியிற் பொருந்திய இரு வலையமைப்புக்களுக்கிடையே அது தானாகவே வழிவிடுமாதலின், பிரித்தல் மட்டும் போதாது, தடுத்தலும் வேண்டும். வழி ஒவ்வொன்றும் ஒரு வாயில். வேண்டாத வழியை அடைத்தல் காவலின் முதற்படியாகும். இவ்விடத்தே வழிப்படுத்தியின் இருதொழிலும் ஒன்றுபடுகின்றன.

பொய்வழி காட்டிய நிகழ்ச்சி

வீட்டுப் பெட்டியிற் போலன்றி, உலகப் பெருவழிப்படுத்திகள் தம் பட்டியலை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. இவ்வறிவிப்பு முறை 1989ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஒருவர் கூறுவதை மற்றவர் நம்புதலே அதன் அடிப்படை. அந்நம்பிக்கை எத்துணை மெலியது என்பதை 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி உலகம் கண்டது. பாக்கிஸ்தானில் யூரியூப் தளத்தை உள்நாட்டில் மறைக்க வேண்டி, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் 208.65.153.0 என்னும் வலையமைப்புக்குத் தன்பால் வழியுண்டு என ஓர் அறிவிப்பை எழுதியது. உள்நாட்டளவில் நிற்க வேண்டிய அவ்வறிவிப்பு, மேல்நிலைச் சேவை வழங்குநர் ஒருவரின் வழியாக உலகெங்கும் பரந்தது. யூரியூப் தான் அறிவித்திருந்த வரி 1,024 முகவரிகளை உள்ளடக்கியது. பாக்கிஸ்தானின் வரியோ அவற்றுள் 256 முகவரிகளை மட்டும் சுட்டியது. குறுகிய எல்லையே வெல்லும் என மேலே கூறினோமன்றோ? அவ்விதியின்படி உலகத்துப் பொதிகள் பாக்கிஸ்தானை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் யூரியூப் உலகின் பெரும்பகுதிக்கு எட்டாதாயிற்று.

ஒரு வரி தவறான இடத்தே சென்றமையால் விளைந்த கேடு இது. வழிகாட்டுவோன் கூறுவதை ஆராயாது ஏற்றல் ஆகாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம். நம் வீட்டுப் பெட்டியிலும் பிற வழிப்படுத்திகளின் அறிவிப்பைத் தானாக ஏற்கும் அமைப்பு ஒன்று இருக்குமாயின், அதற்குத் தேவையில்லாதவிடத்து அதனை நிறுத்தி வைத்தலே தக்கது.

தாக்குதலின் வகை

இனிக் காவலைப் பற்றி நோக்குவாம். தீச்சுவர் என்னும் சொல் தீயாலாய சுவர் எனப் பொருள்படாது. தீயைத் தடுக்கும் சுவர் என விரியும். இலக்கணம் பயின்றோர் இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். அடுத்த வீட்டுத் தீ நம் வீட்டிற் பரவாது தடுக்க எழுப்பிய சுவரின் பெயரே இங்கு ஆகிவந்தது. வழிப்படுத்தியினுள் இருக்கும் தீச்சுவர், அகத்திலிருந்து எவர் எவரோடு பேசத் தொடங்கினர் என்பதைக் குறித்து வைத்து, அப்பேச்சுக்குரிய மறுமொழியை மட்டும் உள்ளே விடும். அழையாது வரும் பொதி வாயிலிலேயே கழிக்கப்படும்.

தாக்குதல்களுள் வெள்ளத் தாக்குதல் என்பது ஒருவகை. பொதிகளைப் பெருவெள்ளம் போல அனுப்பிக் கருவியைத் திணறச் செய்தலே அதன் நோக்கம். இரு கணினிகள் டி.சி.பி. முறையிற் பேசத் தொடங்குமுன் மூன்று பொதிகள் பரிமாறப்படும். முதலாவது ‘சின்’ எனப்படும் அழைப்பு; இரண்டாவது அதற்கு மறுமொழி; மூன்றாவது உறுதி. அழைப்புப் பெற்ற கணினி, விருந்தினர் வருவரென இலையிட்டுக் காத்திருப்பவரைப் போல, நினைவில் ஓரிடத்தை ஒதுக்கிக் காத்திருக்கும். தீயோர் அழைப்பை மட்டும் ஆயிரக்கணக்கில் அனுப்பி உறுதியை அனுப்பாது விடுவர். இடமெல்லாம் நிரம்பிவிட, உண்மையான விருந்தினர்க்கு இடமில்லாது போம். 1996ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் நியூயோர்க்கின் பனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிலையம் இம்முறையாலேயே முடக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பேண்ஸ்ரைன் என்னும் அறிஞர், இடம் ஒதுக்காமலே மறுமொழியினுள் ஓர் அடையாளத்தைப் பொதிந்து அனுப்பி, அது உறுதியோடு திரும்பி வந்தபின் மட்டும் இடமளிக்கும் உபாயத்தைக் கண்டார். யூ.டி.பி. வெள்ளம், ஐ.சி.எம்.பி. வெள்ளம் என அமைப்புப் பக்கத்திற் காணும் ஏனையவும் பொதியின் வகையால் வேறுபட்டனவேயன்றி நோக்கத்தால் வேறுபட்டன அல்ல.

எல்லையெண் இடும் முறை

வெள்ளக் காப்புக்கு வழிப்படுத்தி நம்மிடம் கேட்பது ஓர் எண்ணை: ஒரு நொடியில் இத்தனை பொதிக்கு மேல் வரின் தாக்குதலெனக் கொள்க என்பதே அவ்வெண். பலர் அதனை எவ்வளவு குறைக்கின்றோமோ அவ்வளவு காவல் மிகும் எனக் கருதுவர். அது பொருந்தாது. நாற்பது மாணவர் ஒரே வேளையிற் காணொளிப் பாடங் கேட்கின்றனர் எனக் கொள்வாம். ஒருவருடைய பாடம் நொடிக்கு 10 இலட்சம் பிற்று அளவிற் பாய்கின்றது. ஒரு பொதி 1,200 பைற்று, அஃதாவது 9,600 பிற்று. ஆகவே, ஒருவர்க்கு நொடிக்கு 104 பொதிகள். நாற்பதின்மர்க்கு ஏறத்தாழ 4,160 பொதிகள். பொதிகளை மொத்தமாக எண்ணும் கருவியில் யூ.டி.பி. எல்லையை 500 என இட்டால், கருவி பாடத்தையே பகையெனக் கருதி அறுத்துவிடும். வாயில்காப்போன் வீட்டாரையே வெளியில் நிறுத்துவதற்கு ஒப்பாகும் அது. எனவே, வழக்கமான நாளொன்றில் மிகுதியாகச் செல்லும் அளவைக் கண்டு, அதனினும் ஏறத்தாழ இருமடங்காக எல்லையெண்ணை இட்டு, சில நாள் பதிவேட்டை நோக்கித் திருத்துதல் நன்று.

‘வெளியிலிருந்து வரும் பிங் வினாவுக்கு விடையளியாதே’ என்பது மற்றோர் அமைப்பு. இது மறைந்திருக்க உதவுமேயன்றிக் காவலாகாது. இதனை வெளிப்பக்கத்துக்கு இடலாம். அகப்பக்கத்துக்கு இடின், பிழை தேடுவதற்குரிய எளிய கருவியை நாமே இழந்தவராவோம்.

தவறாது செய்ய வேண்டியவை

எண்களை இடுவதினும் முதன்மையானவை சில உள. அவற்றை வரிசைப்படுத்துவாம்.

முதலாவது, தொழிற்சாலையில் இட்ட நிருவாகிக் கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றுக.

இரண்டாவது, வெளியிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வசதியை நிறுத்துக.

மூன்றாவது, கருவியின் உள்மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிக்குக; புதுப்பித்தல் நின்றுபோன பழைய கருவியை மாற்றுக.

நான்காவது, அகத்துக் கருவிகள் தாமாகவே வாயில் திறந்துகொள்ள இடந்தரும் யூ.பி.என்.பி. அமைப்பை, இன்றியமையாத இடத்தன்றி, நிறுத்துக. முன்னர்த் திறந்த துறைகளுள் இப்போது வேண்டாதனவற்றை மூடுக.

ஐந்தாவது, வைபைக்கு டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 2018இல் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் மறைகுறி முறையைத் தெரிக. பொத்தான் அல்லது எட்டிலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துக, அவ்வெண் முறையின் குறைபாடு 2011இல் வெளிப்பட்டது.

ஆறாவது, ஆறாம் பதிப்பு இணைய முகவரி வழங்கப்பட்டிருப்பின், அங்கு முகவரி மாற்றம் வழக்கமாக இல்லாமையால், தீச்சுவர் அதற்கும் இயங்குகின்றதா என உறுதிசெய்க.

ஏழாவது, செய்த மாற்றங்கள் அனைத்தையும் திகதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்குக. அமைத்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் பின்வருவோர் இருளில் தடுமாறலாகாது.

இவற்றைத் தம் கருவியிற் பழகுக. பிறர் வாயிலைத் தட்டிப் பார்த்துப் பழகுதல் கூடாது. அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுதல் நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

காவலின் எல்லையும் அயலார்க்குரிய கடனும்

இத்தனையும் செய்தபின் எத்தாக்குதலும் நம்மை அணுகாது என எண்ணுதல் மிகையாகும். நம் இணைப்பு நொடிக்கு 10 கோடிப் பிற்று ஏற்கவல்லது, பகைவர் அனுப்பும் வெள்ளமோ 100 கோடிப் பிற்று எனின், நம் வாயிலில் நின்று அவற்றைக் கழிப்பதாற் பயனில்லை. தெரு முழுதும் நிரம்பிய பின்னர் வாயில் மூடியென்ன, திறந்தென்ன? அத்தகைய வெள்ளத்தை மேலிடத்தே சேவை வழங்குநரே தடுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் நம் முயற்சி எதற்கு எனின், கூறுவாம். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் தோன்றியது. அது அரிய வித்தை எதனையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் இட்ட ஏறத்தாழ 60 பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து, மாற்றப்படாது கிடந்த வழிப்படுத்திகளையும் காவற் கமராக்களையும் தன்வயப்படுத்தியது. அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி அவ்வாறு வசப்பட்ட கருவிகள், டைன் என்னும் அமெரிக்கப் பெயர்ச்சேவை நிறுவனத்தின்மீது ஒருங்கே பாய, ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குப் பல மணிநேரம் எட்டாதாயின. அக்கருவிகளின் உரிமையாளர் தீயோர் அல்லர். அவர்கள் இல்லறம் நடத்துவோர், கடை வைத்திருப்போர், பள்ளி நடத்துவோர். அவர்கள் வீட்டில் விளக்கு எரிந்தது, இணையமும் இயங்கியது. தம் சுவரோரத்துப் பெட்டி அயலான் ஒருவன்மீது கல்லெறிகின்றது என்பதை அவர்கள் அறிந்திலர்.

இதனையே யாம் இக்கட்டுரையிற் சிறப்பாக வற்புறுத்த விரும்புகின்றோம். நொச்சிப் போரில் அரணைக் காப்பவன் தன் ஊரை மட்டுமே காத்தான். இன்று தன் வாயிலைக் காப்பவன் தான் ஒருபோதுங் காணாத ஒருவனது வீட்டையும் சேர்த்துக் காக்கின்றான். நம் பெட்டியிலிருந்து பொய்யான விடுப்போர் முகவரியுடன் பொதி வெளியேறாதவாறு தடுக்கும் அமைப்பு இருப்பின், அதனை இயக்குக. சேவை வழங்குநர் இதனைச் செய்தல் வேண்டும் என 2000ஆம் ஆண்டிலேயே நல்வழக்காக அறிவுறுத்தப்பட்டது. இவ்வமைப்பால் நமக்கு நேரே வரும் பயன் சிறிது. அயலார்க்கு வரும் பயன் பெரிது. நமக்குப் பயன் சிறிதாயினும் செய்தற்குரியது என்னும் உணர்வே கல்வியின் பயனாகும்.

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவர் தம் கல்லூரிக்குக் கணினியும் வலையமைப்பும் உதவ முன்வருவாராயின், கருவியைக் கொடுத்தலோடு அமையாது, அதன் கடவுச்சொல்லை மாற்றி, வழியை எழுதி, வாயிலைக் காத்து, குறிப்பேட்டையும் கையளித்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். இக்காலத்து மாணவர் ஆண்டுக்கிருவர் மூவராயினும் இப்பணியை ஆசிரியர்பால் இருந்து பயின்று, தமக்குப் பின் வருவோர்க்குப் பயிற்றுவாராக. வழியறிந்தோன் வழியறியாதோனுக்கு உரைத்தலே ஆற்றுப்படையின் பண்பு. அப்பண்பு நம் கல்லூரியில் மேலும் தழைப்பதாக.